ஸ்விட்ச் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? இது சந்தையில் நிற்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி இருப்பது தெரிந்துவிட்டால் போதும், உறவுக்காரர்களில் தொடங்கி அலுவலக நண்பர்கள் வரை "பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு 2017லிருந்து அதுதான் நடக்கிறது. எல்லோர் கேள்வியும் கடைசியில் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஒன்று, சார்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும். இன்னொன்று, இவ்வளவு காசு போட்டு வாங்கினால் நாலு வருஷம் கழித்தும் இதற்குப் புது கேம் வருமா. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாக்கிலேயே இருக்கின்றன.

இது டிவியில ஆடறதா, கையில வச்சு ஆடறதா? ரெண்டும்னா எப்படி?

இரண்டும்தான். கன்சோல் என்பது ஒரு சின்ன டேப்லெட் மாதிரி. அதை டாக் என்ற நிறுத்தியில் செருகினால் படம் டிவிக்குப் போகும், சார்ஜும் ஏறும். உருவி எடுத்தால் அதே கேம் விட்ட இடத்திலிருந்து அதன் சொந்தத் திரையில் தொடரும். 2017 மார்ச் 3ஆம் தேதி வந்த முதல் ஸ்விட்சில் திரை 6.2 அங்குலம். 2025 ஜூன் 5ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2இல் 7.9 அங்குலம். 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் மட்டும் கையில் வைத்து ஆட மட்டுமே, அதை டிவியோடு இணைக்க முடியாது.

பேட்டரி பற்றிக் கவலைப்படும் முன் ஒன்றை யோசியுங்கள்: உங்கள் வீட்டில் இது பெரும்பாலும் டிவி முன்னால்தான் இருக்கப்போகிறதா? அப்படியானால் கீழே வரும் பாதிக் கேள்விகள் உங்களுக்கு வேண்டியதில்லை.

ஒரு தடவை ஃபுல் சார்ஜ் பண்ணா எத்தனை மணி நேரம் ஆடலாம்?

மாடலைப் பொறுத்தது. நிண்டெண்டோ சொல்லும் கணக்கு இது. 2017இன் முதல் மாடல் 2.5 முதல் 6.5 மணி நேரம். 2019 ஆகஸ்ட் வாக்கில் வந்த திருத்திய மாடலும், 2021 அக்டோபரில் வந்த, ஓஎல்இடி வகைத் திரை கொண்ட மாடலும் 4.5 முதல் 9 மணி நேரம். லைட் 3 முதல் 7 மணி நேரம். ஸ்விட்ச் 2 என்றால் 2 முதல் 6.5 மணி நேரம். அணைத்தோ ஸ்லீப்பிலோ வைத்துச் சார்ஜ் போட்டால் முதல் மாடலும் ஸ்விட்ச் 2ம் சுமார் 3 மணி நேரத்தில் நிரம்பும்.

2.5ல இருந்து 6.5ன்னா இவ்ளோ வித்தியாசமா? எதைத்தான் நம்பறது?

கீழ் எண்ணை நம்புங்கள். மேல் எண் எளிய கேமை, திரை வெளிச்சத்தைக் குறைத்து ஆடினால் கிடைப்பது.

கணக்கு எளிது. முதல் ஸ்விட்சின் பேட்டரி 4310 எம்ஏஎச், அதாவது 16 வாட்-மணி (ஒரு வாட் வீதம் குடித்தால் 16 மணி நேரம் வரும்). கன்சோல் 6 வாட்டுக்கு மேல் குடித்தால் இரண்டரை மணி நேரத்தில் காலி. இரண்டரை வாட் குடித்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். பெரிய காடு, மலை, மழை என்று எல்லாவற்றையும் நொடிக்கு நொடி வரைந்து காட்டும் கேம் நிறையக் குடிக்கும். கட்டங்களை நகர்த்தும் புதிர் கேம் கொஞ்சம்தான் குடிக்கும். நிண்டெண்டோவே ஒரு அளவுகோலாகச் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்டு கேமை எடுத்துக்கொண்டு, முதல் மாடலில் சுமார் 3 மணி, திருத்திய மாடலில் சுமார் 5.5 மணி, லைட்டில் சுமார் 4 மணி என்று அறிவித்தது.

இதை நான் ரயிலில் பார்த்திருக்கிறேன். முதல் மாடலோடு எழும்பூரில் மதியம் வைகை எக்ஸ்பிரஸ் ஏறி, வண்டி கிளம்பியதுமே செல்டாவைத் திறந்தேன். ஜன்னல் வெயிலில் திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தேன். விருத்தாசலம் தாண்டும்போது திரை ஓரத்தில் சிவப்பு பேட்டரி வந்துவிட்டது, அரியலூருக்கு முன்னால் அணைந்தது. பிறகு தங்கையின் திருத்திய மாடலை அதே வண்டியில் அதே கேமோடு கொண்டுபோனேன். திருச்சியில் காபி குடித்துவிட்டு வந்தும் ஆடினேன், மணப்பாறை தாண்டியும் ஓடியது. அறிவித்த எண்கள் ஏறக்குறைய நியாயமானவை என்பது என் அனுபவம்.

பேட்டரிய மாத்தாமலே 2019 மாடல்ல நேரம் கூடிச்சுங்கறாங்களே, அது எப்படி?

உண்மைதான். இரண்டிலும் பேட்டரி அதே 4310 எம்ஏஎச். மாறியது சிப். ஸ்விட்சுக்குள் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. முதலில் அதை 20 நானோமீட்டர் முறையில் தயாரித்தார்கள். பிறகு அதே வடிவமைப்பை 16 நானோமீட்டர் முறைக்கு மாற்றினார்கள், மெமரியும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகைக்கு மாறியது. அதே வேலை, குறைந்த மின்சாரம், குறைந்த சூடு. கேம் முன்பைவிட வேகமாக ஓடாது, படமும் முன்பைவிட அழகாகத் தெரியாது. மிச்சமானதெல்லாம் நேரமாக வந்தது.

செகண்ட் ஹேண்டுல வாங்கப் போறேன். கடையில வச்சே எது பழைய மாடல், எது புதுசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கன்சோலின் கீழ் விளிம்பில் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் வரிசை எண் இருக்கும். அதன் இரண்டாவது ஆங்கில எழுத்தைப் பாருங்கள். 'எக்ஸ்-ஏ' என்று தொடங்கினால் முதல் மாடல், 'எக்ஸ்-கே' என்றால் திருத்திய மாடல். மாடல் எண்ணிலும் தெரியும்: பழையது எச்ஏசி-001, புதியது எச்ஏசி-001(-01). பெட்டியை நம்ப வேண்டாம். திருத்திய மாடலின் பெட்டி முன்பக்கம் முழுக்கச் சிவப்பு என்பது சரிதான், ஆனால் செகண்ட் ஹேண்டில் பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று மாறிக் கிடப்பது சகஜம்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் பழைய மாடலுக்கான விலைதான் தருவேன் என்று சொல்லுங்கள். கூடவே கன்சோலை மேசைமேல் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முதுகு புடைத்திருந்தாலோ திரை ஓரம் தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஸ்விட்ச் 2 புதுசு, விலையும் ஜாஸ்தி. அதுல போய் நேரம் குறையுமா?

கனமான கேமில் குறையும். ஸ்விட்ச் 2இன் பேட்டரி 5220 எம்ஏஎச், ஏறக்குறைய 20 வாட்-மணி. பழையதைவிட இருபது சதவீதத்துக்கு மேல் பெரிது. ஆனால் திரை பெரிதாகி 1080பி ஆகிவிட்டது, நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கிறது, சிப்பும் பலமடங்கு வேலை செய்கிறது. 20 வாட்-மணியை இரண்டு மணி நேரத்தில் தீர்க்க 10 வாட் வீதம் போக வேண்டும். மேலே சொன்ன 6 வாட்டோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும்: தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கி, குழாயை அதைவிடப் பெரிதாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

ஓஎல்இடி மாடலில் ஐந்தாறு மணி நேரம் ஆடிப் பழகியவர்களுக்கு ஸ்விட்ச் 2 நிச்சயம் ஏமாற்றம் தரும். கேமின் தரத்தில் அந்த ஏமாற்றம் ஈடாகிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்கு இன்றைக்கும் நான் ஓஎல்இடி மாடலைத்தான் சொல்வேன்.

அப்போ பெரிய பேட்டரியா வச்சிருக்கலாமே? அவங்களுக்குத் தெரியாதா?

தெரியும். முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1989இல் நிண்டெண்டோ கேம் பாய் கொண்டுவந்தபோது அதன் திரை பச்சையும் கறுப்பும்தான். பின்னால் விளக்குகூட இல்லை. நாலு பென்சில் பேட்டரி போட்டால் பதினைந்து மணி நேரம் சாதாரணமாகத் தாங்கும். அதற்குப் போட்டியாகச் சேகா கொண்டுவந்த கேம் கியரில் வண்ணத் திரை, பின்விளக்கு எல்லாம் உண்டு. ஆறு பேட்டரி போட்டும் மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். படத்தில் கேம் கியர் ஜெயித்தது, கடையில் கேம் பாய் ஜெயித்தது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன, கேம் கியர் ஒரு கோடி அளவோடு நின்றது. கேம் பாயை வடிவமைத்த குன்பெய் யோகோய், விலை குறைந்த, நன்றாகப் பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லி வந்தவர். அந்தக் கொள்கை கியோட்டோவில் இருக்கும் அந்த நிறுவனத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது எடையைப் பாருங்கள். முதல் ஸ்விட்ச் பக்கக் கைப்பிடிகளோடு சுமார் 398 கிராம். ஸ்விட்ச் 2 சுமார் 534 கிராம். வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக் 40 வாட்-மணி பேட்டரியோடு 669 கிராம். எடை இப்படிக் கூடிக்கொண்டே போனால் பத்து வயதுப் பிள்ளை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடாது, தொடையில் வைத்துத் தலையைக் குனியும். பேட்டரி பெரிதானால் எடை, தடிமன், விலை, சார்ஜ் ஏறும் நேரம் எல்லாமே சேர்ந்து கூடும். நிண்டெண்டோ குறைந்த எடையின் பக்கம் நின்றது. அது சரியான முடிவு என்பது என் கருத்து; என் அண்ணன் மகன் கையில் ஸ்விட்ச் 2ஐயும் ஸ்டீம் டெக்கையும் கொடுத்துப் பார்த்த பிறகு அந்தக் கருத்து இன்னும் உறுதியாகிவிட்டது.

ராத்திரி பூரா டாக்லயே கிடக்குது. பேட்டரி கெட்டுப்போயிடாதா?

அளவுக்கு மீறி ஏறாது. நிரம்பியதும் உள்ளே இருக்கும் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு இரண்டு விஷயம் ஆகாது: எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பது, சூடு. டாக்கில் வைத்து ஆடும்போது இரண்டும் சேர்ந்து வரும். ஒரே நாளில் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் கொள்ளளவு மெல்லத் தேயும்.

ஸ்விட்ச் 2இல் 90 சதவீதம் வாக்கில் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. டிவியிலேயே அதிகம் ஆடுகிறவர்கள் வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். பழைய ஸ்விட்சில் அது கிடையாது. அதற்குச் செய்யக்கூடியது, டாக்கைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வைப்பது. கன்சோலின் மேல் விளிம்பில் சூட்டுக் காற்று வெளியேறும் துவாரம் இருக்கிறது, அதன்மேல் துணியோ ரிமோட்டோ கிடக்கக்கூடாது.

ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி செத்துடும்னு சொல்றாங்க. நிஜமா?

செத்துப்போகாது, தேயும். சுமார் 800 முறை சார்ஜ் செய்த பிறகு பேட்டரி புதிதில் தாங்கியதில் ஏறக்குறைய 80 சதவீதம் தாங்கும் என்பது நிண்டெண்டோவின் கணக்கு. வாரத்துக்கு நாலு முறை முழுசாகத் தீர்த்து ஏற்றினாலும் 800ஐத் தொட நாலு வருஷம் ஆகும். 80 சதவீதம் என்றால், மூன்று மணி நேரம் நின்றது சுமார் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் நிற்கும். நம் ஊர் மே மாதச் சூட்டில், நிறுத்திய காருக்குள் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

பேட்டரியை மாற்றலாம். ஆனால் பழைய போன் மாதிரி மூடியைத் திறந்து மாற்றும் வகை அல்ல. முதல் ஸ்விட்சைத் திறக்கவே மூன்று கால் நட்சத்திரத் திருகுளி வேண்டும், உள்ளே பேட்டரி பசையில் ஒட்டியிருக்கும். ஸ்விட்ச் 2இல் பசை இன்னும் பலமானது. கத்தியால் நெம்பிப் பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கலாம், ஆகவே கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

பையன் பிளஸ் டூன்னு ஆறு மாசம் பீரோவுல பூட்டி வச்சோம். இப்ப ஆனே ஆகல!

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும். பெரும்பாலும் கன்சோல் கெடவில்லை, பேட்டரி அடிமட்டம் வரை இறங்கிப்போயிருக்கிறது. டாக்கை விட்டுவிட்டு, அதனோடு வந்த சார்ஜரை நேரடியாகக் கன்சோலில் செருகிச் சில மணி நேரம் விடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பன்னிரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து விட்டுவிட்டு, மறுபடி ஒரு முறை சாதாரணமாக அழுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்விட்ச் இரவு முழுக்கச் செருகி வைத்து விடியற்காலையில் உயிர் பெற்றது. அவன் அம்மாவுக்கு நிம்மதி, அவனுக்கு நீட் தேர்வு முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்று கட்டளை.

அடுத்த முறை பூட்டும்போது பாதி சார்ஜில் வைத்து முழுமையாக அணைத்துவிடுங்கள். ஸ்லீப்பில் விடக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்லி நிண்டெண்டோவே அறிவுறுத்துகிறது. நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்கிறேன்.

போன் சார்ஜர்ல போடலாமா?

கையில் வைத்திருக்கும்போது போடலாம், துளை யுஎஸ்பி-சி தான். பழைய 5 வாட், 10 வாட் சார்ஜர் என்றால் மெதுவாக ஏறும், ஆடிக்கொண்டே போட்டால் ஏறாமலும் போகும். பவர் டெலிவரி என்ற வேக சார்ஜ் முறை உள்ள நல்ல சார்ஜர் என்றால் சிக்கல் இல்லை.

டாக்கில் போடுவது வேறு கதை. பழைய ஸ்விட்சின் டாக்குக்கு 15 வோல்ட்டில் 39 வாட் வேண்டும், ஸ்விட்ச் 2இன் டாக்குக்கு 60 வாட் சார்ஜர் வேண்டும். அதனால்தான் பழைய ஸ்விட்ச் சார்ஜரை ஸ்விட்ச் 2இன் டாக்கில் செருகினால் டிவியில் படம் வராது. கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பவர் பேங்க் எடுத்துட்டுப் போனா எத்தனை தடவை ஏறும்? ஃப்ளைட்ல பயன்படுத்தலாமா?

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் சுமார் 37 வாட்-மணி. வோல்ட் மாறும்போதும் சூட்டிலும் போவது போக மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும் என்று வையுங்கள். முதல் ஸ்விட்சை ஒன்றரை முறை நிரப்பும், ஸ்விட்ச் 2ஐ ஒரு முறை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். 20 வாட்டுக்கு மேல் தரும் பவர் டெலிவரி வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆடும் வேகத்துக்கு ஏறும் வேகம் ஈடுகொடுக்காது.

விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. கொண்டுபோவது வேறு, பயன்படுத்துவது வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடுவதைத் தடை செய்துவிட்டது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் அதே வழி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம் பிள்ளையைச் சமாளிக்க ஸ்விட்சை நம்பியிருப்பவர்கள் வீட்டிலேயே முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இருக்கையில் யுஎஸ்பி துளை இருந்தால் அது கூடுதல் அதிர்ஷ்டம்.

ஸ்விட்ச் 2ல 5 சதவீதம்னு காட்டிட்டே ஒரு மணி நேரம் ஓடுது. பேட்டரி கோளாறா?

பெரும்பாலும் பேட்டரி சரியாகவே இருக்கும், அளவுகாட்டிதான் தப்பு. வெளிவந்த புதிதில் இது பலருக்கும் நடந்தது, சதவீதம் தவறாகக் காட்டக்கூடும் என்று நிண்டெண்டோவும் ஒப்புக்கொண்டு வழி சொன்னது. முதலில் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கன்சோலை அணைத்து, சத்தம் கூட்டும் குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டே பவரை அழுத்தி மீட்புத் திரைக்குப் போய், வேறு எதையும் தொடாமல் அங்கிருந்தே அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அந்தத் திரையில் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வும் இருக்கிறது, ஆகவே பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

நேரத்தைக் கூட்ட ஏதாவது வழி?

திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். இணையம் தேவைப்படாத கேம் என்றால் விமானப் பயன்முறையைப் போடுங்கள். இந்த இரண்டுக்கும் பலன் உண்டு, மற்றதெல்லாம் நிமிடக் கணக்கு. ஆடி முடித்ததும் பவர் பட்டனைத் தட்டி ஸ்லீப்பில் போடும் பழக்கம் வந்தால் அதுவே பெரிது.

2017ல இது ஓடாதுன்னு எல்லாரும் சொன்னாங்களாமே? அப்புறம் எப்படி ஓடிச்சு?

சொன்னார்கள், காரணமும் இருந்தது. நிண்டெண்டோவின் அதற்கு முந்தைய டிவி கருவியான வீ யூ தன் ஆயுள் முழுக்க 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. சோனியின் கையடக்க வீட்டா நல்ல கருவியாக இருந்தும் எடுபடவில்லை. எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. 2017 ஜனவரி 13 அன்று டோக்கியோவில் விலை 29,980 யென், பேட்டரி குறைந்தபட்சம் இரண்டரை மணி என்று அறிவித்ததும் நிண்டெண்டோவின் பங்கு விலை அன்றைக்கே சரிந்தது.

மார்ச் இறுதிக்குள் 20 லட்சம் அனுப்புவோம் என்று நிறுவனம் கணித்தது, போனது 27 லட்சத்து 40 ஆயிரம். அந்த டிசம்பருக்குள் மொத்தம் 1 கோடியே 48 லட்சம். வீ யூ தன் ஆயுளில் எட்டியதைப் பத்து மாதத்தில் தாண்டியது.

காரணம் என்று கேட்டால் நான் பேட்டரியையோ திரையையோ சொல்லமாட்டேன். அதுவரை நிண்டெண்டோ டிவிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று இரண்டு கருவிகளை ஓட்டிக்கொண்டிருந்தது. கேம் செய்கிறவர்களும் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். 2013இலேயே அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா, கருவி வடிவமைக்கும் இரண்டு பிரிவுகளையும் ஒன்றாக்கினார். 2015 ஜூலையில் இறந்துபோனதால் ஸ்விட்ச் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த இணைப்பின் பலன்தான் ஸ்விட்ச்: எல்லாக் கேமும் ஒரே கருவிக்கு. முதல் நாளே செல்டா, அடுத்த மாதம் மரியோ கார்ட் 8 டீலக்ஸ், அந்த வருஷமே மரியோ ஒடிஸி. பேட்டரி மூன்று மணி நேரம்தானே என்று முணுமுணுத்தவர்களும் வாங்கினார்கள், ஏனென்றால் அந்தக் கேம்களை நிண்டெண்டோ கருவிகளுக்கு வெளியே எங்கும் ஆட முடியாது, அணையப்போகும் நேரத்தில் வீடு வந்துவிட்டால் டாக்கில் வைத்துத் தொடரலாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு நேரத்தில் அனிமல் கிராசிங் வந்து, ஆறு வாரத்தில் 1 கோடியே 34 லட்சம் விற்றது. 2025 டிசம்பர் இறுதிக் கணக்கில் ஸ்விட்ச் குடும்பம் 15 கோடியே 50 லட்சத்தைத் தாண்டி, நிண்டெண்டோவின் பழைய சாதனையான டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை முந்திவிட்டது.

போன்லயே ஓசியில கேம் இருக்கு. இதை இனிமே யார் வாங்குவாங்க?

மேலே இருக்கும் எண்களே பாதிப் பதில். மீதியைச் சொல்கிறேன். போன் கேம் ஓசியில் கிடைத்தாலும் நடுநடுவே காசு கேட்கும், விளம்பரம் காட்டும். ஸ்விட்ச் கேமுக்கு ஒரு முறை கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. பிள்ளையிடம் கொடுக்கும் பெற்றோருக்கு அந்த நிம்மதிக்கு விலை உண்டு. இன்னொன்று, போனில் ஆடினால் தீர்வது போனின் சார்ஜ். அப்பாவுக்குப் போன் வரவேண்டும், ஆட்டோவுக்கு ஜிபே செய்யவேண்டும். தனிக் கருவியின் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் மட்டும்தான் நிற்கும்.

ஸ்டீம் டெக், ஆலின்னு நிறைய வந்துடுச்சே. அதெல்லாம் இதை முழுங்கிடாதா?

அவை கையடக்கக் கணினிகள். 2022இல் வந்த ஸ்டீம் டெக்குக்கும் கனமான கேமில் இரண்டு மணி நேரம்தான், ஸ்விட்ச் 2இன் பேட்டரியைப்போல் இரண்டு மடங்கு வைத்திருந்தும். 2023 நவம்பரில் வந்த அதன் ஓஎல்இடி மாடலில் 50 வாட்-மணியாக்கி 3 முதல் 12 மணி என்று முன்னேற்றினார்கள். 2025 அக்டோபரில் வந்த ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் ஆலி எக்ஸில் 80 வாட்-மணி, அமெரிக்காவில் அப்போதைய விலை 999.99 டாலர்.

ஏற்கெனவே கணினியில் நிறைய கேம் வாங்கி வைத்திருப்பவருக்கு அவை மிக நல்லவை, அவர்களுக்கு நான் ஸ்விட்சைச் சொல்லமாட்டேன். ஆனால் மரியோவும் போகிமானும் அங்கே வராது. பாட்டியும் பேத்தியும் சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கார் ஓட்டும் காட்சி அங்கே நடக்காது. வாங்குகிற கூட்டம் வேறு.

ஸ்விட்ச் 2 எப்படிப் போகுது? இன்னும் அஞ்சு வருஷம் தாங்குமா?

தொடக்கம் நிண்டெண்டோவின் சரித்திரத்திலேயே வேகமானது. முதல் நாலு நாளில் 35 லட்சத்துக்கு மேல், 2025 செப்டம்பர் இறுதிக்குள் 1 கோடியே 3 லட்சத்துக்கு மேல். 2026 மார்ச் வரை ஒன்றரைக் கோடி என்று வைத்திருந்த கணிப்பை நவம்பரில் 1 கோடியே 90 லட்சமாக உயர்த்தினார்கள்.

கேம் நிற்குமா என்ற பயம் வேண்டாம். பழைய ஸ்விட்சின் கேம்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடுகின்றன, முந்தைய கருவி எட்டு வருஷத்துக்கு மேல் நின்றது. எனக்குக் கவலை தருவது விலைதான். அமெரிக்காவில் பழைய ஸ்விட்ச் 299.99 டாலரில் தொடங்கிய இடத்தில் ஸ்விட்ச் 2 449.99 டாலரில் தொடங்கியது. மரியோ கார்ட் வேர்ல்டு ஒரே கேம் 79.99 டாலர். 2025 கடைசியில் மெமரி சிப் விலையும் எகிறிவிட்டது. ஆர்வலர்கள் முதல் வருஷத்தில் வாங்கிவிடுவார்கள். அதன் பிறகு இரண்டு பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பம் வாங்குமா என்பதில்தான் இதன் எதிர்காலம் இருக்கிறது. லைட் மாதிரி விலை குறைந்த ஒன்றை நிண்டெண்டோ கொண்டுவந்தே தீர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போ விலை இறங்கட்டும்னு காத்திருக்கலாமா?

வேண்டாம். போன் மாதிரி வருஷாவருஷம் இறங்கும் பொருள் இல்லை இது. எட்டு வருஷமான பழைய ஸ்விட்சுக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் விலையை 339.99 டாலராக ஏற்றினார்கள். பணம் இடிக்கிறது என்றால் நல்ல நிலையில் இருக்கும் 'எக்ஸ்-கே' மாடலை மேலே சொன்னபடி பார்த்து வாங்குங்கள்.

மச்சான் ஜப்பான்ல இருக்கான். அங்க ரொம்ப கம்மியாமே, வாங்கிட்டு வரச் சொல்லவா?

கவனம். ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக வந்தது. 49,980 யென் விலையில் வந்தது ஜப்பானிய மொழி மட்டும் கொண்டது. மெனு முழுக்க ஜப்பானியம், ஜப்பான் என்று பதிவான நிண்டெண்டோ கணக்கை மட்டுமே இணைக்க முடியும். எல்லா மொழியும் உள்ளது 69,980 யென் விலையில் வந்தது. மச்சான் கடையில் சட்டென்று எடுத்துவருவது முதல் வகையாகத்தான் இருக்கும், அது இங்கே உங்களுக்குப் பயன்படாது. பழைய ஸ்விட்சில் இந்தத் தொல்லை இல்லை, ஜப்பான் பெட்டியிலும் ஆங்கிலம் உண்டு. அதன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், நம் சுவரில் செருக முனை மாற்றி ஒன்று போதும்.

நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை வெளியிலிருந்து வருபவை. பேட்டரி தகராறு செய்தால் கடைக்காரர் என்ன செய்வார் என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை போதாது.

2027ல ஐரோப்பால பேட்டரிய நாமே மாத்தற மாதிரி சட்டம் வருதாமே? அதுவரைக்கும் பொறுக்கலாமா?

சட்டம் உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருஷத்து பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை, வாங்கியவரே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். பலமான பசையில் ஒட்டிய பேட்டரிகளைக் குறிவைத்து வந்த விதி அது. நான் மனதார வரவேற்கிறேன். எட்டு வருஷம் ஓடக்கூடிய கருவியை நாலாம் வருஷத்தில் பேட்டரிக்காகத் தூக்கிப்போடுவது அநியாயம்.

ஆனால் அது ஐரோப்பியக் கடைகளுக்கான விதி. இங்கே வந்து சேரும் பெட்டி அமெரிக்காவினுடையதா, ஜப்பானுடையதா, ஐரோப்பாவினுடையதா என்பது இறக்குமதி செய்கிறவர் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு இப்போது பத்து வயது என்றால் இப்போதே வாங்கி, 90 சதவீத அமைப்பைப் போட்டு, காற்றுப்படும் இடத்தில் டாக்கை வையுங்கள். உங்களுக்காக வாங்குகிறீர்கள், அவசரமில்லை, ஐரோப்பாவில் இருக்கும் யாராவது வாங்கி வருவார்கள் என்றால் 2027 பிப்ரவரிக்குப் பிறகு வரும் பெட்டியைக் கேளுங்கள்.